நாற்பத்திரண்டு முக்கோணங்கள்

கணக்கெடுப்புக்குப் போகிறவன் முதலில் கேள்வி கேட்பதில்லை. படம் போடுகிறான். தாளில் இரண்டு கோடு இழுத்து அதைத் தெரு என்று வைத்துக்கொண்டு, இரு பக்கமும் கட்டடங்களைக் குறித்தபடியே நடப்பான். உறுதியாகக் கட்டிய வீடு என்றால் சதுரம். ஓலை, மண், தார்ப்பாய் என்றால் முக்கோணம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வந்துவிடும்.

சென்னையில் இருபத்தைந்து வருடம் இந்தச் சதுரத்தையும் முக்கோணத்தையும் போட்டுப் பிழைத்தவன் நான். 1990-களின் கடைசியில் தினக்கூலிக் கணக்கெடுப்பாளனாகச் சேர்ந்தேன். பிறகு மேற்பார்வையாளன் ஆனேன். கடைசிச் சில வருடங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த தாள்களைக் கூட்டிப் பெருக்கிப் பட்டியல் போட்டேன். எந்தப் பகுதிக்கு முதலில் தண்ணீர்க் குழாய், எதற்குக் கழிப்பிடம், எதற்குப் பால்வாடி என்று முடிவு செய்கிறவர்களின் மேசைக்குப் போகும் பட்டியல் அது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தெருக்கள் தெரியாது, பட்டியல்தான் தெரியும். பணம் பத்துப் பகுதிக்குத்தான் இருக்கிறது என்றால் பதினோராவது பகுதிக்காரர்கள் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அடுத்த சுற்று எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் நகர்ப்புற ஏழைகளுக்காக மத்திய அரசின் திட்டம் ஒன்று புதிதாக வந்திருந்தது. 1997-ல் தொடங்கிய சுவர்ண ஜெயந்தி திட்டம். அதில் வருமானத்தைத் தவிர வேறு ஏழு விஷயங்களையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்: கூரை, தரை, தண்ணீர், கழிப்பிடம், படிப்பு, வேலை, பிள்ளைகளின் நிலை. எனக்கு இது பிடித்திருந்தது. மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் சென்னையில் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்று இல்லை, அவர்களுக்கே தெரியாது. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இந்த வாரம் நாலு நாள், அடுத்த வாரம் ஒன்றுமில்லை. மழை வந்தால் மாதம் முழுக்க இல்லை. கூரையும் தரையும் அப்படியல்ல. வாசலில் நின்றாலே தெரிந்துவிடும்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதல் தப்பு முதல் வாரமே நடந்தது. காலை பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்கு முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். பூட்டியிருந்த வீட்டுக்கு நேராக 'பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். சதவீதம் போடும்போது பூட்டிய வீடுகளைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்தப் பகுதியில் அடிக்கடி என்னைப் பார்த்த பெட்டிக்கடைக்கார அம்மா ஒரு நாள் கேட்டார்: "இன்னா தம்பி, தெனம் இந்நேரத்துக்கே வர்ற? வூட்டு வேலைக்குப் போறவங்க இப்ப எங்க இருப்பாங்க?" ஆறரைக்குப் பாத்திரம் தேய்க்கப் போன பெண்கள் திரும்பப் பிற்பகல் ஆகும், சிலர் மறுபடி நாலு மணிக்குப் போய் இரவுதான் வருவார்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம், ஒருவர் சம்பாதித்து ஒருவர் வீட்டில் இருக்க முடிகிற குடும்பம். என் தாளில் ஏறியதெல்லாம் ஓரளவு தாங்கக்கூடிய வீடுகள். தாங்காத வீடுகளில் பூட்டுத் தொங்கியது. அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு சுற்று என்று ஆக்கிக்கொண்டேன். அலுவலகத்தில் ஓவர்டைம் தரவில்லை. அது வேறு கதை.

இரண்டாவது தப்பு என் கையில் இல்லை, படிவத்தில் இருந்தது. வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று கேட்டு, பொருளுக்கு ஒரு புள்ளி கொடுக்கும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. டிவி இருந்தால் ஒரு படி மேலே. 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. வேறு மாநிலத்தில் தயாரான அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தபோது கூவக்கரைக் குடிசைகளெல்லாம் ஒரே வருடத்தில் நடுத்தர வர்க்கமாகிவிட்டன. ரேஷன் கார்டும் அப்படித்தான். மற்ற மாநிலங்களில் கார்டின் நிறத்தை வைத்து ஏழை யார் என்று பிரிப்பார்கள். இங்கே அரிசி எல்லோருக்கும் உண்டு. கார்டு எதையும் பிரித்துக் காட்டாது. ஒரு மேலதிகாரியிடம் இதைச் சொன்னேன். "படிவம் டெல்லியில அப்ரூவ் ஆனது, கை வைக்க முடியாது" என்றார். 2012 டிசம்பரில் ஹஷீம் குழு நகர்ப்புற ஏழைகளை அடையாளம் காணும் வழியைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, வசதி உள்ளவர்களைக் கழிக்கும் பட்டியலில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டூவீலர் எல்லாம் இருந்தன. நான் முதலில் தேடியது டிவியை. இல்லை. நிம்மதியாக இருந்தது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் குடிநீர் எங்கே கிடைக்கிறது என்பதற்கு மூன்று பதில்கள்: வீட்டு வளாகத்துக்குள், அருகில், தொலைவில். நகரத்தில் 100 மீட்டருக்குள் இருந்தால் அருகில். எங்கள் படிவமும் இதையே பின்பற்றியது. ஒரு சந்தில் நான் அடியால் அளந்து பார்த்தேன். கடைசி வீட்டிலிருந்து தெருமுனை சின்டெக்ஸ் டேங்குக்கு அறுபது மீட்டர்கூட வராது. அருகில் என்று எழுதினேன். அப்புறம்தான் டேங்கைச் சுற்றிப் பார்த்தேன். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் டேங்கிலிருந்து டீக்கடை வரை வளைந்து நின்றன. நடுவில் சில இடங்களில் குடம் இல்லை, செங்கல் இருந்தது. குடத்தை அவசரத்துக்கு எடுத்துப் போனவர் இடம் பிடிக்க வைத்த கல். லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். எந்நேரத்துக்கு என்று கிடையாது. அதனால் ஒரு வீட்டில் ஓர் ஆள் காத்திருந்தே ஆக வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத பெண்பிள்ளை. மீட்டரில் அளந்தால் அறுபது. மணியில் அளந்தால் மூன்று. படிவத்தில் மீட்டருக்குத்தான் கட்டம் இருந்தது.

கழிப்பிடத்துக்கும் நான் ஒரு கேள்வியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டேன். பொதுக் கழிப்பிடம் இருக்கிறதா என்பது படிவத்தின் கேள்வி. "ராத்திரி பத்து மணிக்கு மேல அவசரம்னா எங்கம்மா போவீங்க?" என்பது என் கேள்வி. முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதைக் கேட்டதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பதிலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். ஓரத்தில் எழுதுவது கம்ப்யூட்டரில் ஏறாது.

இவ்வளவும் கேள்வியில் இருக்கும் கோளாறு. கேள்வியைத் திருத்திவிடலாம். நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது வேறொன்று: கேள்வி கேட்பதற்கு முன்னால் போடுகிற கோட்டிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

சென்னையில் மிகப் பெரிய கோடு 1971-ல் போட்டது. குடிசை மாற்று வாரியம் 1970-ல் அமைந்தது. அடுத்த வருடம் அதற்கான சட்டம் வந்தது. அப்போது எடுத்த கணக்கில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. ஆக மொத்தம் 1,219. அந்தப் பட்டியலில் இருந்த பகுதிக்காரர்களுக்குக் குழாய் கேட்க, விளக்கு கேட்க, கழிப்பிடம் கேட்க ஒரு காகிதம் உண்டு. நான் தெருவில் நடந்த காலமெல்லாம் அந்தப் பட்டியல் நீளவில்லை. நகரம் நீண்டது. 1985-க்குப் பிறகு பிழைக்க வந்து கரையோரத்தில் குடிசை போட்டவர்கள், அதற்கு முன்பே இருந்தும் அந்தக் கணக்கில் விட்டுப்போனவர்கள் எல்லோரும் 'அறிவிக்கப்படாதவர்கள்'. அதிகாரபூர்வமான சொல்லே அதுதான். பட்டியலில் இருந்த சில இடங்களில் இதற்குள் மாடி வீடுகள் எழும்பி, கீழே மருந்துக்கடை வந்து, வாடகை ஏறிவிட்டது. அவையும் பட்டியலில் அப்படியே இருந்தன.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பிடிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வழி உண்டு. அறிவிக்கப்படாவிட்டாலும், நெருக்கமாக 60 – 70 குடும்பங்களோ 300 பேரோ மோசமான நிலையில் சேர்ந்து வாழ்ந்தால் அதைக் குடிசைப் பகுதி என்று அடையாளம் காணலாம். தேசிய மாதிரி ஆய்வுக்காரர்களுக்கு 20 குடும்பங்கள் போதும். ஒரே நாடு, ஒரே சந்து. ஒருவர் வந்தால் குடிசைப் பகுதி, இன்னொருவர் வந்தால் இல்லை.

2009-ல் நான் செய்த தப்பு இந்த இடைவெளியில்தான் விழுந்தது. கூவத்தின் கரையோரம் ஓர் இடம். பெயர் வேண்டாம். தெருவைப் பார்த்தபடி வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். எங்கள் சர்வேயில் சுமார் 150 வீட்டுக்கு ஒரு பிளாக். அந்தப் பிளாக்கின் எல்லையைப் போட்டவன் நான்: வடக்கே மெயின்ரோடு, கிழக்கே கோயில் சந்து, மேற்கே பள்ளிச் சுவர், தெற்கே ஆறு. எல்லை என்றால் கண்ணுக்குத் தெரியும் எல்லையாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். ஆறு நல்ல எல்லை, நகராது. அடுக்குமாடியில் 126 வீடுகளை எண்ணினேன். முடித்துவிட்டுக் கிளம்பும்போது வாட்ச்மேன் கேட்டார்: "பின்னாடி இருக்கறவங்களுக்கு எழுத மாட்டீங்களா சார்?"

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியாகப் போனால் மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒற்றை வரிசையாகக் குடிசைகள். மூங்கில் கழி, பழைய பேனர் துணி, சிமெண்ட் ஷீட். பேனர்களில் ஏதோ கல்யாணத்தின் மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 42 வீடுகள். 42 முக்கோணங்கள் போட்டேன். ஒரு கைப்பம்பு, அதிலும் உப்புத் தண்ணீர். கழிப்பறை ஒரு வீட்டிலும் இல்லை. நான் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து, "எங்கள காலி பண்ணப் போறீங்களா சார்? முன்னாடியே சொல்லிடுங்க, புள்ளைங்களுக்குப் பரீச்சை நடக்குது" என்றார். இல்லை, இது உதவி செய்வதற்கான கணக்கு என்று சொன்னேன். நம்பியும் நம்பாமலும் போனார்.

அலுவலகத்தில் தாளைக் கொடுத்தேன். அந்தத் தடவை முதல் சுற்றுக்கு வைத்திருந்த விதி இது: பிளாக்கில் பாதிக்கு மேல் வீடுகளில் கழிப்பறை இல்லாதிருக்க வேண்டும். 168 வீட்டில் 42. நூற்றுக்கு 25. சுமாரான பிளாக் என்று பட்டியலின் நடுவில் போய் உட்கார்ந்தது. ஆற்றுக்குப் பதிலாக அந்த மதிலை எல்லையாகப் போட்டிருந்தால் மதிலுக்குப் பின்னால் நூற்றுக்கு நூறு. பட்டியலில் முதல் வரி. இதைக் கண்டுபிடித்து மேலே சொன்னபோது பட்டியல் கையெழுத்தாகிவிட்டது. தனிப் பகுதியாகக் காட்டலாமே என்றேன். 60 குடும்பம் இல்லையே என்றார்கள். அவர்கள் விதிப்படி பேசினார்கள். நானும் விதிப்படிதான் எல்லை போட்டிருந்தேன்.

இது என் ஒருவன் தாளில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. கூட்டிக் கழித்தால் ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். முப்பதாயிரம் பேரின் சராசரியில் 42 வீடு எங்கே தெரியும்? சோழிங்கநல்லூர் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களும் அந்த மண்டலம்தான், நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டிய கண்ணகி நகரும் அந்த மண்டலம்தான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண்ணில் யாரும் குடியிருக்கவில்லை.

பயிற்சி ஒன்றில் இங்கிலாந்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். அவர்களுக்கு இது பழைய தொழில். சார்லஸ் பூத் என்பவர் 1889-லேயே லண்டன் தெருக்களுக்கு நிறம் தீட்டிப் படம் வெளியிட்டார்: பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், ஆகக் கீழே இருப்பதற்குக் கறுப்பு. தகவல் எங்கே கிடைத்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகிற பள்ளி வாரிய ஊழியர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும். இப்போது அந்த நாட்டை ஏறக்குறைய 1,500 பேர் கொண்ட சின்னத் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2019 கணக்கில் 32,844 துண்டுகள். வருமானம், வேலை, படிப்பு, உடல்நலம், குற்றம், வீட்டு வசதியும் சேவைகளும் எட்டுவதில் உள்ள தடை, சுற்றுச்சூழல் என்று ஏழு வகை. வருமானத்துக்கும் வேலைக்கும் சேர்த்து 45 சதவீத எடை. அரசாங்க உதவித்தொகை வாங்குகிறவர்களின் பதிவேடு கையில் இருப்பதால் கதவைத் தட்டாமலே பாதிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களே ஒன்றைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள்: இது பகுதியின் அளவு, ஆளின் அளவு அல்ல, பின்தங்கிய பகுதியில் இருப்பவர் எல்லோரும் ஏழை அல்ல, ஏழைகள் எல்லோரும் பின்தங்கிய பகுதியில் இருப்பதும் இல்லை. அதோடு அது வெறும் வரிசை. பத்தாவது இடத்தில் இருப்பது இருபதாவதைவிட இரண்டு மடங்கு மோசம் என்று அர்த்தம் இல்லை. எங்கள் மேசையில் இந்த எச்சரிக்கையை எழுதிவைத்தவர் யாரும் இல்லை. கழிப்பிடத்துக்கு எத்தனை மதிப்பெண், படிப்புக்கு எத்தனை என்று ஒரு மாலை மூன்று பேர் டீ குடித்துக்கொண்டே மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் சில பகுதிகள் மேலே ஏறின, சில இறங்கின. தெருவில் ஒரு செங்கல்கூட நகரவில்லை.

எனக்குப் பக்கத்து மாநிலத்துப் பாடம் ஒன்றுதான் நெருக்கமாக இருந்தது: கேரளத்தின் ஆலப்புழை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒன்பது கேள்விகளை வைத்துக்கொண்டார்கள். கச்சா வீடு, கழிப்பறை இல்லாமை, 150 மீட்டருக்குள் நல்ல தண்ணீர் இல்லாமை, ஒரே ஒருவர் சம்பாத்தியம் அல்லது அதுவும் இல்லாமை, இரண்டு வேளைச் சாப்பாடே கஷ்டம், ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை, குடிப்பழக்கம் உள்ளவர், தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர். நான்கு இருந்தால் உதவி தேவைப்படும் குடும்பம். வெளியாள் வந்து குறிப்பதைவிட அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிப் பேசிக் குறிப்பதுதான் அதில் முக்கியம். பின்னால் வந்த குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுத் திட்டம் இந்த வேரில் முளைத்தது.

நாங்களும் ஒரு தடவை அதைப் போல முயன்றோம். வட சென்னையில் ஒரு சந்து. மதியம் மூன்று மணிக்குக் கோயில் முன்னால் சிமெண்ட் தரையைப் பெருக்கி, பெண்களே கோலமாவில் சந்தை வரைந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். நான் ஒரு பை புளியங்கொட்டையைக் கொடுத்து, கஷ்டம் அதிகம் உள்ள வீட்டில் அதிகம் வையுங்கள் என்றேன். காங்கிரீட் கூரையும் வாசலில் டூவீலரும் இருந்த ஒரு வீட்டில் ஒன்பது கொட்டை வைத்தார்கள். என் தாளில் அது சந்தின் பணக்கார வீடு. "வண்டி கடன்காரன் வண்டி. தண்டல் வாங்கியே தேஞ்சிப்போச்சு அந்த வீடு. பையன் ஆக்சிடெண்ட்ல படுத்தது உனக்குத் தெரியாதா?" என்றார் ஓர் ஆயா. எனக்குத் தெரியாது. கடனைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. ஓலை வீடு ஒன்றில் இரண்டே கொட்டை. மூன்று பிள்ளைகளும் துறைமுகத்தில் வேலை. இடம் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் நான் ஒரு மாதத்தில் எடுக்க முடியாத கணக்கு தரையில் இருந்தது. பையில் கொட்டை மிச்சம் இருந்ததால் எண்ணிப் பார்த்தேன். என் தாளில் வீடுகள் 37. தரையில் கட்டங்கள் 36. கடைசி வீடு எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அவங்க போன வருஷம் வந்தவங்க. நம்ம கணக்குல சேத்தி இல்ல" என்றார் ஒருவர். தரையில் கோலமாவால் போட்டாலும் கோடு கோடுதான். அந்தக் கட்டத்தை நானே குனிந்து வரைந்தேன். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏழு கொட்டை வைத்தார்.

பென்சிலால் ஓரத்தில் எழுதுவதும், சந்துக்காரர்களை வைத்து எண்ணுவதும் போதும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும். நகரம் முழுவதையும் ஒரே அளவில் பார்க்கப் படிவம் வேண்டும். அந்த அளவு எங்கே பொய் சொல்கிறது என்று பார்க்கச் சந்து வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்னால், யார் எங்கே கோடு போட்டது என்பது பட்டியலிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் போட்ட எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

அந்த 42 வீடுகள் இப்போது அங்கே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் மதிலைத் தாண்டி அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்துக்கே வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவர்களை நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். சில வருடம் கழித்து வேறொரு சர்வேக்காக அங்கே போனபோது, பரீச்சை என்று சொன்னவரின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். படிவத்தை நிரப்பினேன். கூரை: காங்கிரீட். தரை: டைல்ஸ். கழிப்பறை: வீட்டுக்குள். தண்ணீர்: குழாய். மின்சாரம்: உண்டு. வேலை: வீட்டு வேலை. முன்பு நடந்துபோகிற தூரத்தில் மூன்று வீடு. இப்போது இரண்டு பஸ் மாறி ஒரே ஒரு வீடு. பிள்ளைகளில் ஒருவன் பள்ளியை விட்டுவிட்டான். பயணத்துக்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன். ஏழு விஷயத்தில் நான்கில் முழு மதிப்பெண். படத்தில் அந்த வீட்டுக்குச் சதுரம் போட்டேன். 42 முக்கோணமும் சதுரமாகிவிட்டது. பட்டியலைப் பொறுத்தவரை அவர்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

2011-க்குப் பிறகு நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 2027-ல் நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். கையில் தாளோ மொபைலோ வைத்துக்கொண்டு ஒரு டீச்சரோ, வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனோ உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். உங்கள் விவரத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். மதிலுக்குப் பின்னால் யாராவது குடியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வழி எங்கே இருக்கிறது என்று கூடவே போய்க் காட்டுங்கள். 2009-ல் எனக்கு அதைச் சொன்னது ஒரு வாட்ச்மேன். கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் நான் கோட்டை வேறு இடத்தில் போட்டிருப்பேன்.